அருள் காத்திருக்குமா?

பக்குவப்பட்ட உயிருக்குத்தான் இறைவன் அருள் செய்வானா, பக்குவம் இல்லாதவனுக்கும் செய்வானா? செய்வான் என்றால் பக்குவம் எதற்கு? செய்யமாட்டான் என்றால் அவனைக் கருணைக்கடல் என்று எப்படிச் சொல்வது? சைவ சித்தாந்தம் படிக்கப் போகிற எல்லோரும் என்றைக்காவது இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில் பதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எனக்கு அது விளங்கியது என் பட்டறையில், தகடு வெட்டுகிற வேலையில். விளங்கியபடியே எழுதுகிறேன்.

பட்டறை அறந்தாங்கியில். டிராக்டர் டிரெய்லர், மண்டபக் கூரைக்கு டிரஸ், இரும்புக் கேட், தண்ணீர் டேங்கர், நெல் அறுவடை மிஷினில் உடைந்தது, ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் துருவேறிப் போனது, எல்லாம் எங்களிடம் வரும். தொழில் கற்றது மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலையில், நம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இருக்கிறது. திருவெறும்பூர் பெல் நிறுவனத்துக்குப் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் அங்கே நிறைய. அதில் ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்து, ஹோஸ் இழுத்து, கசடு தட்டி, அதன் பிறகுதான் டார்ச் கைக்கு வந்தது. திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் சித்தாந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தது வெகு பிற்பாடு, மகளுக்குக் கல்யாணம் முடித்த பிறகு. வகுப்பு எடுத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேள்வி கேட்டால் கோபப்படாதவர். அதனால் நான் நிறையக் கேட்டேன்.

சித்தாந்தம் சொல்வது இது. நல்வினைப் பயன், தீவினைப் பயன் இரண்டையும் ஒன்றுபோல் ஏற்கிற நிலை உயிருக்கு வரவேண்டும், அது இருவினையொப்பு. உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவ மலம், பிடி தளரும் நிலைக்கு வரவேண்டும், அது மலபரிபாகம். அப்போது இறைவனுடைய சக்தி உயிரில் பதியும், அது சத்திநிபாதம். திருமந்திரம் சத்திநிபாதத்தையே மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு தரமாகச் சொல்கிறது. இதை ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, எனக்கு நாளெல்லாம் கையில் பிடித்திருக்கும் கட்டிங் டார்ச்தான் கண்ணில் தெரிந்தது.

12 மில்லி தகடு ஒன்றை வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. கருப்புச் சிலிண்டரில் ஆக்சிஜன், அரக்குச் சிவப்பில் அசிட்டிலீன். அசிட்டிலீன் இணைப்புகளின் மரை இடப்புறம் சுற்றும். ஆக்சிஜன் ஹோஸைத் தவறிப்போய்க்கூட அதில் மாட்ட முடியாது. முதலில் அசிட்டிலீனை மட்டும் திறந்து லைட்டரைத் தட்டினால், மஞ்சளாக, கரியைக் கக்கிக்கொண்டு எரியும். லேசாகப் பூண்டு வாடை அடிக்கும். ஆக்சிஜனை மெல்லத் திறக்கத் திறக்கக் கரி நின்று, நாசில் முனையில் நீலவெள்ளையாகச் சிறு சிறு கூம்புகள் உட்காரும். அந்தச் சுடரின் சூடு 3,100 டிகிரிக்கு மேல். அதைத் தகட்டின் விளிம்பில் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரும்பு முதலில் ஒன்றும் காட்டாது. பிறகு மேலே ஒரு நீலம் ஓடும். பிறகு அடர்சிவப்பு. பிறகு பழுத்து ஒளி விடத் தொடங்கும். அந்த நொடியில் லீவரை அழுத்தினால், நடுத்துளை வழியாகச் சுத்த ஆக்சிஜன் பாய்ந்து, பொறி தகட்டின் அடிப்பக்கம் பீறிட்டுக்கொண்டு போகும். வெட்டு ஓட ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால், குளிர்ந்த ஆக்சிஜன் பட்டு ஏறியிருந்த சூடும் இறங்கிப் போகும். முதலிலிருந்து காய்ச்ச வேண்டும்.

பார்க்கிறவர்கள் சுடர்தான் இரும்பை வெட்டுகிறது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. இரும்பு உருக 1,538 டிகிரி சூடு வேண்டும். கேஸ் கட்டிங்கில் அதுவரை நாங்கள் போவதில்லை. ஏறக்குறைய 900 டிகிரிக்கு வந்த இரும்பு, சுத்த ஆக்சிஜன் பட்டால் தானே தீப்பிடித்துக்கொள்ளும். அடுப்பில் விறகு எரிகிற அதே காரியம்தான் தகட்டில் நடக்கிறது, எரிபொருள் இரும்பு. எரிந்த இரும்பு ஆக்சைடாகி, இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடுவதால், ஆக்சிஜனின் வேகத்தில் கீழே ஒழுகி விழுகிறது. வெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கசடு அதுதான். வெட்டு ஓடத் தொடங்கிவிட்டால், வேண்டிய சூட்டில் பெரும்பங்கை எரிகிற இரும்பே தந்துவிடும். 1903ல் பிரான்சில் எட்மண்ட் ஃபூஷே, சார்ல் பிக்கார் என்ற இருவர் ஆக்சி-அசிட்டிலீன் டார்ச்சை உருவாக்கினார்கள். நூறு வருடம் தாண்டியும் அதன் அடிப்படை மாறவில்லை.

இதை வகுப்பில் சொன்னேன். காய்ச்சுவது மலபரிபாகம், லீவரை அழுத்துவது சத்திநிபாதம் என்றேன். ஐயாவுக்குப் பிடித்துப்போய், எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மெய்கண்டாரே சிவஞானபோதம் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் உவமை காட்டியிருக்கிறார், இரும்பு நம் சாத்திரத்துக்குப் புதிதில்லை என்றும் சொன்னார்.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. எரிவது இரும்பே என்றால், அதை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். அந்த விதமாகப் படித்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தார்கள். சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. பாறையில் வெட்டிய படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே 17 கல்படுக்கைகள். வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் கல்லையே தலையணையாக உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் படுத்த இடம். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது. அவர்கள் அங்கே யாருடைய அருளையும் எதிர்பார்த்து இருக்கவில்லை. வினை என்பது உயிரில் ஒட்டும் நுண்பொருள். புதிது ஒட்டாமல் தடுக்க வேண்டும், ஒட்டியதைத் தவத்தால் உதிர்க்க வேண்டும். அதை அவனவனேதான் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தன் வினையைத் தானே எரித்துத் தானே விடுபடுவது. எரிகிற இரும்பை அவர்களிடம் காட்டினால், எங்கள் கட்சிக்குத்தான் இது சாட்சி என்பார்கள். அவர்களை மறுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான்: இரும்பு தானே எரிந்தாலும், ஆக்சிஜன் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. அந்தக் கல்படுக்கைகளைப் பார்த்துவிட்டு வந்த எவனும் அவர்களை லேசாகப் பேசமாட்டான்.

பிளாஸ்மா கட்டிங் எங்கள் பட்டறைக்கு வந்தது கொரோனாவால். 2021ல் இரண்டாவது அலையில் ஏப்ரல் 22 முதல், ஒன்பது வகைத் தொழில்கள் நீங்கலாக வேறு எந்தத் தொழிலுக்கும் ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு நிறுத்தியது. சரியான முடிவு. மனிதர்கள் மூச்சுக்குத் திணறும்போது இரும்புக்கு எதற்கு ஆக்சிஜன்? கையில் இருந்த கருப்புச் சிலிண்டர்களையும் கொடுத்து அனுப்பினோம். கேஸ் கட்டிங் அடியோடு நின்றது. ஊரடங்கு தளர்ந்ததும் மாப்பிள்ளை ஒரு பிளாஸ்மா மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்.

“இதுக்குச் சிலிண்டரே வேண்டாம் மாமா. கரண்டும் காத்தும் போதும்.”

“காய்ச்ச வேண்டாமா மாப்பிள்ளை?”

“எதுக்கு மாமா? டிரிக்கரை அமுக்குங்க, வெட்டிரும்.”

வெட்டியது. 6 மில்லி தகட்டில் கோடு கிழிக்கிற வேகத்தில் ஓடியது. கையில் பிடிக்கிற டார்ச்சின் நுனியில் ஒரு செம்பு எலெக்ட்ரோடு; அதன் நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பொட்டுப்போல் பதித்திருக்கும். அதைச் சுற்றி, ஊசித்துளை அளவே ஓட்டை உள்ள நாசில். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று அந்தத் துளை வழியாகப் போகும்போது அதற்குள் மின்சாரம் பாய்ந்து, காற்றின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, காற்றே மின்சாரத்தைக் கடத்துகிற பொருளாகிவிடும். திடம், திரவம், வாயு என்ற மூன்றையும் தாண்டிய நிலை. மின்னல் அந்த நிலை, சூரியன் அந்த நிலை. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி. டார்ச் நுனியில் அது 20,000 டிகிரியைத் தொடும். 1950களில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியில் இதை உலோகம் வெட்டும் கருவியாக்கினார்கள். இது இரும்பை எரிய வைப்பதில்லை. பட்ட இடத்தை உருக்கி, உருகியதைக் காற்றாலேயே ஊதித் தள்ளிவிடுகிறது. காய்ச்சுவது கிடையாது, நிறம் பார்ப்பது கிடையாது. சூடும் பரவுவதில்லை, மெல்லிய தகட்டை வெட்டி முடித்த கையோடு ஒரு சாண் தள்ளித் தொட்டுப் பார்த்தேன், தொட முடிந்தது.

அன்றைக்கு எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. வகுப்பில் நான் சொன்ன உவமையில், காத்திருப்பது இரும்பின் இயல்பாலேயே தேவைப்பட்டது. இங்கே ஒரு நெருப்பு, பழுத்தாயா என்று கேட்காமலே வெட்டிக்கொண்டு போகிறது. இறைவனிடம் இப்படி ஓர் அருள் உண்டா?

இதைவிடப் பெரிய விஷயம் எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் இரண்டும். கேஸ் கட்டிங்கில் இவை வெட்டுப்படாது. என்ன காய்ச்சினாலும் சரி. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அதன் மேல் தோலாகப் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகிவிட்ட பிறகும் மேல்தோல் விடாமல் மூடிக்கொண்டு, ஆக்சிஜனை அண்ட விடாது. எஸ்.எஸ்.ஸில் குரோமியம் ஆக்சைடு இதே வேலையைச் செய்கிறது. எது அந்த உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறதோ அதுவே நெருப்புக்கும் தடை. மாத்தூரில் நாங்கள் அதைக் கேஸ் கட்டிங்குக்கு ஆகாதது என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைப்போம். மனிதர்களில் அப்படிப்பட்டவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயில், குளம், பாராயணம், விரதம், துக்கம், இழப்பு எல்லாம் பட்டும், மேலே ஒரு தோல் கழலாமல் நிற்கும். உள்ளே கரைந்துதான் போயிருப்பார்கள்; வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சிக் காய்ச்சிப் பழுக்காதவனுக்குக் கதி இல்லையா? அந்த அலுமினியத்தைப் பிளாஸ்மா வெட்டியதை நான் பார்த்தேன். மின்சாரத்தைக் கடத்துகிற எந்த உலோகமாக இருந்தாலும் அது வெட்டும். எந்த நெருப்புக்கும் ஆகாது என்று ஒதுக்கிய உலோகம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

இந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது ஆவுடையார்கோயிலில். அறந்தாங்கியிலிருந்து 14 கிலோமீட்டர். பழைய பெயர் திருப்பெருந்துறை. வெளியூர்க்காரர்கள் கல் கூரையின் விளிம்பான கொடுங்கையைப் பார்க்க வருவார்கள். கல்லில் மரச்சட்டம், சட்டத்தின் மேல் கம்பி, கம்பியை இறுக்கிய ஆணி, ஆணியின் கொண்டை வரைக்கும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. இரும்பு வேலை செய்கிறவன் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை கீழே குனியமாட்டான். அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றது எல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். ஆனால் நான் அடிக்கடி போவது கருவறைக்காக. ஆத்மநாதருக்கு அங்கே லிங்கம் இல்லை. ஆவுடை மட்டும் இருக்கிறது. மேலே வெறும் வெளி. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை, பாதம் மட்டும். எதிரே நந்தி கிடையாது, கொடிமரம் கிடையாது. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு படைகல்லில் கொட்டிப் பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன். எழுகிற ஆவிதான் நிவேதனம்.

மாணிக்கவாசகருக்கு அருள் கிடைத்த இடம் அது. அவர் அங்கே தவம் செய்யப் போகவில்லை. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். கீழைக் கடற்கரையில் வந்து இறங்கிய குதிரைகளை வாங்க, கருவூலத்துப் பொன்னோடு அரசாங்க வேலையாகப் போனவர். வழியில் குருந்த மரத்தடியில் குரு உட்கார்ந்திருந்தார். அந்தச் சந்திப்போடு எல்லாம் முடிந்தது. குதிரைப் பணம் கோயிலாயிற்று. பிறகு பாண்டியன் தண்டித்ததும், நரி பரியானதும், வைகை பெருகியதும், சுந்தரேசர் பிட்டுக்கு மண் சுமந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் பக்குவப்பட்டவரா? முன்பிறவிகளிலேயே பழுத்த தீவிரதர பக்குவம் என்பார்கள் சித்தாந்திகள். அவர் வாக்கைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. நாயினும் கீழான தன்னை ஏன் ஆட்கொண்டாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளபடியே அவருக்கு அது விளங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

வைணவத்தில் இதே வழக்கு வடகலை, தென்கலை என்று பிரிகிற அளவுக்குப் போனது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டி சும்மா கிடக்க, தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது மற்றது. திருமயத்தில் ஒரே குன்றில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரனுக்கு இரண்டு சன்னிதியும் பழக்கம், இரண்டு வழக்கும் பழக்கம்.

பிளாஸ்மாவைப் பற்றி நான் சொன்னதை வைத்து, பழையதைக் குப்பையில் போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னை ஒன்று விடாமல் சாய்ந்தது. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மடங்கி விழுந்த கோழிப்பண்ணைக் கூரைகளையும் அரவை மில் டிரஸ்களையும் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. டாடா ஏஸில் இரண்டு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். கேஸ் செட்டுக்குக் கரண்ட் வேண்டாம். அந்த நாளில் பிளாஸ்மா மிஷின் இருந்திருந்தாலும் அது பட்டறையில் சும்மா கிடந்திருக்கும். கனமும் அப்படித்தான். எங்கள் மிஷின் 12 மில்லிக்கு மேல் திணறும். கேஸ் கட்டிங் 100 மில்லி, 200 மில்லி இரும்பையும் நின்று வெட்டும். இரும்பு தானே எரிந்து சூடு தருவதால், கனம் கூடினாலும் நெருப்பு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஆழமாக வெட்ட வேண்டியதற்கு இன்றைக்கும் அதுதான்.

பிளாஸ்மா எதையும் கேட்பதில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. எர்த் கிளாம்ப் மாட்ட வேண்டும். மாட்டுகிற இடத்தில் பெயின்ட் இருந்தால், துரு கனத்திருந்தால், ஆர்க் சரியாக நிற்காது. கிரைண்டரை வைத்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்காவது தேய்த்து, உலோகம் வெளுப்பாகத் தெரிய வேண்டும். தகடு முழுக்கத் துரு இருக்கட்டும், பாதகமில்லை. ஓரிடத்தில் தொடர்பு வேண்டும். பாண்டியன் மந்திரிக்கும் அப்படி ஓரிடம் இருந்திருக்கிறது. பொன்னோடு துறைமுகத்துக்குப் போக வேண்டியவர், அந்த மரத்தடிக்குத் திரும்பினாரே, அது.

இப்போது என் முடிவுக்கு வருகிறேன். கேஸ் டார்ச்சின் நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி, மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுத் துடைப்போம். பட்டறையில் எல்லோரும் செய்கிற வேலை. செம்பு நாசில், கட்டைவிரல் கனம். முகத்தைத் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் ஆறு சிறு துளைகள், நடுவில் ஒன்று. சுற்றியுள்ள ஆறும் காய்ச்சுகிற சுடருக்கு. நடுத்துளை வெட்டுகிற ஆக்சிஜனுக்கு. காய்ச்சுகிற சுடருக்குப் போகிற ஆக்சிஜனும், லீவரை அழுத்தினால் பாய்கிற ஆக்சிஜனும் அதே கருப்புச் சிலிண்டரிலிருந்து, அதே ஹோஸ் வழியாக வருகிறது. இரும்பு தன் முயற்சியால் பழுத்து வந்து, அதற்குப் பின் ஆக்சிஜன் வந்து சேர்வதாக நான் வகுப்பில் சொன்னேன். நாசிலைப் பார்த்தால் அப்படி இல்லை. பழுக்க வைத்ததும் அதுதான், வெட்டியதும் அதுதான். இரும்பு பழுக்காமல் இருந்த நேரம் முழுவதும் டார்ச் அதன் மேலேயே இருந்தது.

இதைப் போய்ச் சொன்னபோது, ஐயா புத்தகத்தைப் புரட்டி மறைத்தலைக் காட்டினார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனுக்கு ஐந்தொழில். அதில் மறைத்தலைச் செய்வது திரோதான சக்தி. அது மலத்தைத் தொழிற்படுத்திப் பழுக்க வைப்பதால், உமாபதி சிவாச்சாரியார் அதையும் மலங்களோடு சேர்த்து எண்ணினார். ஆனால் அது வேறு ஆள் இல்லை. மலம் பழுத்ததும் அதுவே அருட்சக்தியாக நிற்கிறது. திருவாவடுதுறையில் இருந்து சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்கு எழுதிய மாபாடியம் என்ற உரை முழுக்க இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஆகவே, அருள் பக்குவத்துக்காகக் காத்திருக்கிறதா என்ற கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை. பக்குவம் வருவதற்கு முன்பே அருள் வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கு அது துன்பமாகவும் தாமதமாகவும் தெரிகிறது. சிலருக்கு அது சுடரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தோல் கழலாத அலுமினியத்துக்கு மின்னலாக வருகிறது. சித்தன்னவாசல் துறவி இதை ஒப்பமாட்டார். டார்ச் பிடிக்கிற கை ஒன்று உண்டு என்பதையே அவர் ஏற்பதில்லை. என் நம்பிக்கையை நான் சொல்கிறேன்.

இது வெறும் சாத்திர விவகாரமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். மாத்தூரிலிருந்தே என்னோடு வேலை செய்தவர் ஒருவர் உண்டு. டார்ச் பிடித்தால் அவர் வெட்டிய விளிம்பைக் கிரைண்டர் காட்டாமலே வெல்டிங்குக்குக் கொடுக்கலாம், அப்படி ஒரு கை. ஒரு கிராமத்துக் கோயிலுக்குக் கேட் செய்தோம். தகடு முழுக்க அவர்தான் வெட்டினார், வேலும் மயிலும் சேர்த்து. மாட்டப் போன அன்று, அவர் உள்ளே வரவேண்டாம் என்றார்கள். வெளிப்பக்கக் கீல்களை அவர் மாட்டினார், உள்பக்கத்தை நான் மாட்டினேன். நான் கோபப்பட்டதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர் ஒருவர், “அதுக்கெல்லாம் ஒரு பக்குவம் வரணும் தம்பி” என்றார். நெற்றி நிறையத் திருநீறு. வகுப்பில் படிக்கிற அதே சொல். 2022 டிசம்பரில், வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மனிதக் கழிவைக் கலந்த அக்கிரமத்தை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்தில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் விடப்படாமல் இருந்த குடும்பங்களைத் தாமே அழைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அது நடந்ததும் நம் மாவட்டத்தில்தான்.

நந்தனாரை நெருப்பில் இறங்கச் சொன்ன கதையைப் பெரியபுராணத்தில் படிக்கிறோம். நெருப்பு அவரைத் தூய்மையாக்கியது என்று மேடையில் சொல்கிறார்கள். சேக்கிழார் அதற்கு முன்னால் திருப்புன்கூரைப் பாடிவிட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாசலில் நின்று பார்க்க நந்தி மறைத்தபோது, இறைவன் நந்தியை விலகச் சொன்னார். நெருப்புக்கு முன்பே அருள் நடந்துவிட்டது. நந்தனார் எந்த நெருப்பிலும் பழுக்க வேண்டியவராக இல்லை. பிறகு தில்லையில் மூட்டிய நெருப்பு, சுற்றி நின்றவர்களின் கண்ணுக்காக மூட்டியது என்றே நான் படிக்கிறேன். நெருப்போடு பிழைக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரும்பு பழுத்ததா என்பதை நிறத்தைப் பார்த்து நான் சொல்வேன். உயிர் பழுத்ததா என்பதைப் பார்க்கிற கண் இறைவனுக்கும் அவன் அனுப்பும் குருவுக்கும் மட்டுமே உண்டு என்று நம் சாத்திரமே சொல்கிறது. கோயில் வாசலில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கண் கொடுக்கப்படவில்லை.

சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஐயாமார்களுக்கும், ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலபரிபாகத்தை நடத்தும்போது திரோதான சக்தியையும் கூடவே நடத்துங்கள். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பாடம் பாதியில் நிற்கும். பக்குவம் வந்ததா என்று ஒருவன் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவனை வாசலில் நிறுத்திவைத்து அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள்.